அப்பாவின் கண்ணில் கோளாறு இல்லை

2021 ஆவணி மாதம். சங்கரன்கோவிலில் அப்பாவின் தையல் கடையில் கல்யாண வேலை குவிந்து கிடந்தது. முதல் நாள் பட்டு ஜாக்கெட் வாங்கிக்கொண்டு போன ஒரு அக்கா மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து, அதை வெட்டு மேசையில் விரித்துப் போட்டார். "அண்ணாச்சி, ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்குத் தைச்சிருக்கீய. மாட்டிப் பாத்தேன், இடது கை முறுக்கிக்கிட்டு நிக்கி."

தையல் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பிழை என்று புரியும். ஜாக்கெட் கைக்கு முன்பக்க வளைவு கொஞ்சம் ஆழமாக இருக்கும், பின்பக்கம் அவ்வளவு ஆழம் இருக்காது. துணியை மடித்துப் போட்டு இரண்டு கையையும் சேர்த்து வெட்டினால் தானாகவே ஒன்று இடதாகவும் ஒன்று வலதாகவும் வந்துவிடும். அன்று கரை பத்தாததால் அப்பா ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறார். இரண்டும் வலது கையாகப் போய்விட்டது. 38 வருடமாகக் கத்தரி பிடித்தவர் அவர்.

நான் அப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். அப்பா அந்த இரண்டு கையையும் பிரித்து மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். திருப்பிப் போட்டார், மறுபடியும் திருப்பினார். கடைசியில் என் பக்கம் குனிந்து, வாடிக்கையாளருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஏட்டி, இதுல எங்க தப்புன்னு எனக்குத் தெரியலயே."

துணிக்குக் காசு கொடுத்து அந்த அக்காவை அனுப்பி வைத்தோம். வேலை அதிகம், தூக்கம் பத்தவில்லை என்று நாங்களே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டோம். அப்பாவுக்கு அப்போது 60 வயது.

அதற்குப் பிறகு அப்பா சொல்ல ஆரம்பித்தது ஒரே ஒரு குறைதான். "கண்ணு சரியில்ல." ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அளவு நோட்டில் ஒரு வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனால் வரி தவறிப்போகிறது. கண் டாக்டரிடம் போனோம். புரை ஆரம்பித்திருக்கிறது என்றார். 2022 ஜனவரியில் ஒரு கண், மார்ச்சில் இன்னொரு கண் என்று ஆபரேஷன் முடிந்தது. சோதனை அட்டையில் கடைசி வரி வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாக அப்பா சரியாகச் சொன்னார். பார்வை முழுசாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், எதிரே ஸ்டூலில் இருந்த செல்போனை எங்கே எங்கே என்று தேடினார்.

எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்கிறவருக்கு ஒரு பத்தியைப் படிக்க முடியவில்லையே என்று அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டும். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. கண் டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கண்ணைப் பார்த்தார், கண் நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடம் முழுக்க வீட்டில் சின்னச் சின்னதாக நடந்துகொண்டே இருந்தது. காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். நாற்காலியில் பாதி மட்டும் படும்படி உட்கார்ந்து கீழே சரிந்தார். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் இடதுபக்கம் முழுவதும் சுவரில் உரசிய கோடு. படியில் இறங்கும்போது கடைசிப் படி எங்கே முடிகிறது என்று காலால் தடவிப் பார்த்தார். ஒருநாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்பா தன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையை எந்த ஓட்டையில் விடுவது என்று தெரியவில்லை. அந்தச் சட்டை அவர் தைத்தது.

ஆனால் ஞாபக சக்திக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் எவ்வளவு பாக்கி, எந்த வருடம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை ஜாக்கெட், எதிர்த்த கடைக்காரரின் சட்டை அளவு, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அதனால்தான் மூளை சம்பந்தப்பட்ட நோய் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. மறதி நோய் என்றால் மறதியில்தான் தொடங்கும் என்று நினைத்திருந்தோம். சொந்தக்காரர்கள், கொரோனாவுக்கு அப்புறம் எல்லோருக்குமே இப்படித்தான் என்றார்கள். அத்தை வல்லாரை லேகியம் கொண்டு வந்தாள்.

2022 நவம்பரில் கடைசியாக ஒரு சிடி ஸ்கேன் எடுத்தோம். எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன். "லேசான மூளைச் சுருக்கம், வயதுக்கு ஏற்ற மாற்றம்" என்று ரிப்போர்ட் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு வரியால் ஏழு மாதம் போனது. அவருக்கு 61 வயதுதான். சுருக்கம் இருக்கிறது என்று எழுதியவர்கள், மூளையில் எந்தப் பகுதியில் அதிகம் என்று எழுதவில்லை.

இதில் எங்கள் பங்கும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'தலைசுற்றல்' என்று மட்டும் இருந்தது. நாங்கள் டாக்டரிடம் அவ்வளவுதான் சொல்லியிருந்தோம். தலைசுற்றல் என்று வந்தால் படத்தைப் படிக்கிறவர் ரத்தக்கசிவு, அடைப்பு, கட்டி, இவற்றைத்தான் தேடுவார். அது எதுவும் இல்லை. 'தையல்காரர், கடந்த ஒன்றரை வருடமாக இடம் வலம் குழம்புகிறது, சட்டை போட முடியவில்லை, கண் பரிசோதனை சரியாக இருக்கிறது' என்று அந்தச் சீட்டில் இருந்திருந்தால், அதே படத்தை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள். இதை நான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். ஸ்கேன் சீட்டை வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வீட்டில் நடப்பது அதில் இல்லையென்றால், சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

2023 ஜூனில் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா முதல் பத்து நிமிடம் அப்பாவிடம் தையலைப் பற்றித்தான் பேசினார். அப்புறம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டம் போட்டார். 12 முதல் 6 வரைக்கும் எண்களை வலதுபக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, மிச்ச எண்களை வட்டத்துக்கு வெளியே எழுதினார்.

அடுத்து டாக்டர் ஒரு தாளில் என்னமோ எழுதினார். சின்னச் சின்ன 'க' எழுத்துகளை அடுக்கி, தாள் அளவுக்கு ஒரு பெரிய 'ப' எழுதியிருந்தார். எனக்குத் தூரத்திலிருந்தே 'ப' என்று தெரிந்தது. "இதுல என்ன எழுத்துய்யா இருக்கு?" என்று கேட்டார். அப்பா தாளைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "க. இதுவும் க. எல்லாம் கதான்." "பெருசா வேற எழுத்து ஏதும் தெரியுதா?" அப்பா தாளின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார். "இல்லைங்கம்மா."

எனக்கு அந்த நிமிடத்தில் எல்லாம் புரிந்துபோனது. கத்தரி தெரிந்தால் துணி தெரியவில்லை, துணி தெரிந்தால் மேசை தெரியவில்லை. ஒன்று ஒன்றாகப் பார்க்கிறார், சேர்த்துப் பார்க்க முடியவில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த பாலின்ட் என்ற மருத்துவர் 1909-லேயே இப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

நான் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். ஜாக்கெட் கை, காபி, சட்டை, படி, எல்லாம் அதில் இருந்தது. அதை முழுவதும் படித்தார். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்டார். தூக்கத்தில் கத்துகிறாரா, கையைக் காலை உதறுகிறாரா, இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள் என்று சொல்கிறாரா. இல்லை. நடை மெதுவாகி உடம்பு இறுகிப் போயிருக்கிறதா. இல்லை. வாரக்கணக்கில் மளமளவென்று மோசமாகிறதா. இல்லை, மெதுவாகத்தான். இந்த 'இல்லை' ஒவ்வொன்றும் ஒரு நோயைத் தள்ளி வைக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. முதல் இரண்டும் லூயி பாடி என்ற வேறொரு வகை மறதி நோய்க்கு அடையாளம். வாரக்கணக்கில் மோசமானால் அது முற்றிலும் வேறு, மிக அவசரமாகப் பார்க்க வேண்டியது.

அப்புறம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது தலை ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

எடுத்திருந்தோம். 2018-ல் வண்டியிலிருந்து விழுந்து நெற்றியில் அடிபட்டபோது ஒரு சிடி எடுத்தார்கள். அப்போது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஃபிலிம் எங்கே என்று அம்மாவுக்கு போன் போட்டேன். "அது கடையில கெடக்கும், உங்க அப்பா எடுத்துட்டுப் போனாவளே."

எதற்கு எடுத்துப் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் விறைப்பாக இருக்கும், கிழியாது. காலருக்கும் பாக்கெட்டுக்கும் பேட்டர்ன் வெட்ட அதைவிட நல்ல பொருள் இல்லை. அப்பாவின் கடையில் ஊரில் பாதிப் பேருடைய நெஞ்செலும்பு காலராகத் தொங்கும். மறுநாள் கடையைத் திறந்து மேசைக்கு அடியில் தேடினேன். மூன்று ஷீட்டில் இரண்டு கிடைத்தது. ஒன்றில் நடுவில் காலர் வடிவத்தில் வெட்டி எடுத்திருந்தார். இன்னொன்று முழுசாக இருந்தது. அந்த வெட்டுப்பட்ட ஷீட்டிலும் ஓரத்துப் படங்கள் மிச்சம் இருந்தன, அவற்றில்தான் மூளையின் மேல்பகுதி வந்திருந்தது.

டாக்டரம்மா 2018 ஃபிலிமையும் 2022 ஃபிலிமையும் வெளிச்சப் பெட்டியில் பக்கம் பக்கமாக மாட்டினார். காலர் ஓட்டை வழியாக வெளிச்சம் கண்ணில் அடித்தது, அதைக் கையால் மறைத்துக்கொண்டு எனக்குக் காட்டினார். மூளையின் மேற்பரப்பு சேலைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து இருக்கும். 2018 படத்தில் அந்த மடிப்புகள் நெருக்கமாக இருந்தன. 2022 படத்தில் முன்பக்கம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் உச்சிக்குப் பின்னால், இரண்டு பக்கமும் மடிப்புகள் பிரிந்து, நடுவில் கறுப்பாகக் கோடு கோடாகத் தெரிந்தது. சுருங்கிய இடத்தில் நீர் நிரம்பியதுதான் அந்தக் கறுப்பு. எனக்கே தெரிந்தது. படிக்கத் தெரியாத எனக்கே தெரிந்தது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

"ஒரு படம் இப்ப எப்படி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். ரெண்டு படம் இருந்தா எங்க, எவ்வளவு வேகமாப் போகுதுன்னு சொல்லும்" என்றார். வயதானால் எல்லோருடைய மூளையும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், ஆனால் அது எல்லா இடத்திலும் பரவலாக, மெதுவாக நடக்கும். ஒரே இடம் மட்டும் நாலு வருடத்தில் இப்படித் திறந்துகொள்வது வயதின் வேலை இல்லை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். எதற்காக எடுத்த ஸ்கேனாக இருந்தாலும் சரி, ஒன்றுமில்லை என்று வந்த ஸ்கேனாக இருந்தாலும் சரி, தூக்கிப் போடாதீர்கள். ஒன்றுமில்லை என்று வந்த படம்தான் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் தேவைப்படும். ஃபிலிமோடு, படங்களைப் பதிந்து கொடுக்கும் சிடி தட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் சில படங்களைத்தான் பொறுக்கி அச்சடிப்பார்கள், தட்டில் எல்லாம் இருக்கும். இப்போது பல இடங்களில் தட்டுக்குப் பதிலாக லிங்க் அனுப்புகிறார்கள். அந்த லிங்க் சில மாதத்தில் செத்துவிடலாம், இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து எம்ஆர்ஐ எடுத்தோம். இந்த முறை சீட்டு அரைப்பக்கம் இருந்தது. என்ன அறிகுறி, எந்தப் பகுதியைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும், எந்தக் கோணத்தில் வெட்டுப்படம் வேண்டும் என்று டாக்டரே எழுதினார். ஸ்கேன் அறைக்கு வெளியே உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். மோதிரம், கடிகாரம், இடுப்பில் வெள்ளி அரைஞாண், எல்லாம் கழற்றினோம். உள்ளே போகும் நேரத்தில் எனக்குச் சந்தேகம் வந்து அப்பாவின் சட்டைக் காலருக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு குண்டூசி குத்தியிருந்தது. கடைக்குப் போய் மாதக்கணக்காகியும் பழக்கம் விடவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் என்ன தொழில் செய்தவர் என்று நீங்கள்தான் அறிவீர்கள். வெல்டிங், லேத் வேலை செய்தவராக இருந்தால் கண்ணுக்குள் இரும்புத்தூள் போயிருக்க வாய்ப்பு உண்டு, அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும் அப்படியே.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. அல்சைமர் என்ற மறதி நோய் என்றால் முதலில் பார்ப்பது ஹிப்போகாம்பஸ் என்ற, ஞாபகத்துக்கான பகுதி. அதன் சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் 1, அதாவது கவலைப்படும் அளவுக்கு இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் மறுபடியும் ஒன்றுமில்லை என்றுதான் வந்திருக்கும். ஆனால் பெரைட்டல் என்ற மேல்பின் பகுதிக்குத் தனியாக 0 முதல் 3 வரை ஒரு மதிப்பெண் உண்டு. அதில் வலதுபக்கம் 2 வந்திருந்தது. கேட்டதால் பார்த்தார்கள், பார்த்ததால் கிடைத்தது.

ஸ்கேன் எடுப்பதில் இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. சரிசெய்யக்கூடியது ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது. பெரியவர்கள் லேசாகத் தலையை இடித்துக்கொண்டு சில வாரம் கழித்து மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டி நிற்கலாம். மூளைக்குள் நீர் கோத்து நடை தடுமாறி, சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம். இந்த இரண்டுக்குமே ஆபரேஷன் உண்டு, பலர் தேறி வருகிறார்கள். பி12 குறைவும் தைராய்டு குறைவும் ரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்து இருக்கிறது. அதனால் 'வயசாயிட்டா இப்படித்தான்' என்று உட்காருவதைப் போல ஆபத்து வேறு இல்லை.

பெட் ஸ்கேன் எங்களுக்குக் கடைசியாகத்தான் சொன்னார்கள். எல்லோருக்கும் தேவைப்படாது. செலவும் அதிகம், காப்பீட்டில் வருமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரையோடு ஒரு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து நரம்பில் ஏற்றுகிறார்கள். உடம்பு எடையில் சுமார் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடம்பின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. எந்தப் பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறதோ அது சர்க்கரையை அதிகம் இழுக்கும், எது சோர்ந்துவிட்டதோ அங்கே குறையும். மூளை கண்ணுக்குத் தெரிந்து சுருங்குவதற்கு முன்பே இந்தக் குறைவு தெரிந்துவிடலாம் என்பதுதான் இதன் பலம்.

அந்த மருந்தில் இருக்கும் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் கிட்டத்தட்ட 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். அதனால் சொன்ன நேரத்துக்குப் போய்விட வேண்டும். எங்களுக்கு முந்தி வர வேண்டியவர் தாமதமாக வந்து அவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். நாலிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் முதலில் விரலில் குத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் படம் கெட்டுவிடும். ஊசி போட்ட பிறகு மங்கலான அறையில் அரை மணி நேரத்துக்கும் மேலே பேசாமல் படுத்திருக்க வேண்டும். செல்போன் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. ஏனென்றால் பார்த்தாலும் பேசினாலும் அந்தந்தப் பகுதி சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அப்பாவுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. தூங்கிவிடாமல் இருக்கத்தான் சிரமப்பட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் கைக்குழந்தையை மடியில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், தம்பி மகனைப் பக்கத்து அறையில் வைத்திருந்தோம்.

படத்தில் முன்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. பின்னால் பெரைட்டல், அதற்கும் பின்னால் பார்வைக்கான ஆக்ஸிபிட்டல், இரண்டு பக்கமும் நீலம் படர்ந்திருந்தது, வலதில் அதிகம். நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது கம்ப்யூட்டர் போடுகிற நிறம், அளவைத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நடுவில் பின்பக்கம் இருக்கும் ஒரு பட்டையைக் காட்டி, இங்கேயும் குறைந்திருப்பதால் இது லூயி பாடி வகை இல்லை, அல்சைமர் வகைதான் என்று நினைக்கிறேன் என்றார்.

நோயின் பெயரைத் தமிழில் சொன்னால் பின்மூளைப் புறணித் தேய்வு. 1988-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஃபிராங்க் பென்சன் இதைத் தனி நோய்க்குறியாக எழுதினார். பெரும்பாலானவர்களுக்கு அடியில் இருப்பது அல்சைமர் நோயின் அதே அமிலாய்ட், டௌ புரதங்கள்தான். அவை ஞாபகப் பகுதியில் தொடங்காமல் பின்பக்கத்தில் தொடங்குகின்றன. 50-க்கும் 65-க்கும் இடைப்பட்ட வயதில்தான் அதிகம் வருகிறது. ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 2007-ல் தனக்கு இந்த நோய் என்று வெளிப்படையாக அறிவித்தார். அவரால் டைப் அடிக்க முடியாமல் போனபோது சொல்லச் சொல்ல எழுத வைத்துப் புத்தகங்களை முடித்தார்.

டாக்டரம்மா அப்பாவிடம் நேரடியாகவே சொன்னார். எங்களிடம் தனியாகச் சொல்லிவிட்டு அவரிடம் மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. "அய்யா, உங்க கண்ணு நல்லா இருக்கு. கண்ணு அனுப்புற படத்தைச் சேர்த்து வைக்கிற இடம் மூளையில தேஞ்சுக்கிட்டு வருது. இது நோய். முழுசாக் குணமாக்க மருந்து இல்ல, ஆனா நாம செய்ய வேண்டியது நிறைய இருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ என் தொழில்ல கோளாறு இல்லையாம்மா?"

இரண்டு வருடமாக அவர் மனதில் என்ன ஓடியிருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியாமல் இருந்தது. கை பழசாகிவிட்டது, தொழில் போய்விட்டது, ஊரில் பெயர் கெட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குணமாகாத நோய்க்கு எதற்கு இத்தனை ஸ்கேன், தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. அப்பா கேட்ட அந்தக் கேள்வியைத்தான் நான் பதிலாகச் சொல்கிறேன். மதுரையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ராஜபாளையம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். அவர் அப்படிப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

மருந்து என்று டோனபெசில் கொடுத்தார்கள். சிலருக்குக் கொஞ்சகாலம் உதவும், நோயை நிறுத்தாது. முதல் வாரம் வயிறு புரட்டியது, சாப்பிட்ட பிறகு கொடுத்ததும் சரியானது. லெகனெமாப் என்ற புதிய ஊசியைப் பற்றியும் கேட்டேன். அது மூளையில் படிந்த அமிலாய்டைக் கரைக்கிறது. 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. ஆய்வில் 18 மாதத்தில் நோயின் சரிவு, மருந்து எடுக்காதவர்களைவிட 27 சதவீதம் குறைவாக இருந்தது. நின்றுபோகவில்லை, மெதுவானது. அதற்கு அமிலாய்ட் இருக்கிறது என்று வேறொரு வகைப் பெட் ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோ உறுதி செய்ய வேண்டும். ஊசி தொடங்கிய பிறகும் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், மூளையில் வீக்கமோ நுண்ணிய ரத்தக்கசிவோ வரக்கூடும். அப்பாவின் எம்ஆர்ஐயில் ஏற்கனவே ஏழெட்டு இடத்தில் அப்படிப்பட்ட நுண்கசிவுப் புள்ளிகள் இருந்தன. அவருக்கு அது வேண்டாம் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனால் கடன் வாங்கியாவது போட்டுவிடலாம் என்று அலைவதைவிட, படத்தைக் காட்டி வேண்டாம் என்று சொன்னது நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டில் செய்தவை எல்லாம் சின்ன வேலைகள்தான். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அப்பாவுக்குத் தெரியவில்லை. பாதிச் சோற்றைச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார், பசியில்லை என்று நினைத்தோம். ஒருநாள் கோயில் கொடைக்குப் போன இடத்தில் வாழையிலையில் போட்டதை வழித்துச் சாப்பிட்டார். பச்சை மேல் வெள்ளை எடுப்பாகத் தெரிகிறது. அன்றிலிருந்து வீட்டில் இலைதான். இலை கிடைக்காத நாளில் கடும்பச்சை நிறத் தட்டு. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டினோம். பூப்போட்ட மேசை விரிப்பை எடுத்துவிட்டோம், அதில் பூவுக்கும் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாமல் விரலால் துழாவினார். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். சட்டைக்கு உள்பக்கம் கழுத்தில் நடுவிலே ஒரு தடித்த நாடாவை அம்மா தைத்து வைத்திருக்கிறாள், அதைத் தடவிப் பிடித்தால் முன்பின் தெரிந்துவிடும். வண்டிச் சாவியை வாங்கியதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. நான் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார். டாக்டரம்மா கேட்டார், கொடுத்துவிட்டார். உங்களுக்கும் அப்படி வந்தால் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள்.

பேப்பர் படிக்க முடியாததால் மத்தியானம் ரேடியோ. கண் ஏமாற்றினாலும் விரல் ஏமாற்றவில்லை என்பதைக் கண்டுபிடித்தது அம்மாதான். துணியின் நல்லபக்கம் எது, உள்பக்கம் எது என்று அப்பா இப்போதும் தடவியே சொல்லிவிடுவார். கடையை நடத்தும் தம்பி காஜா போட்ட சட்டைகளைக் கொண்டு வந்து கொடுப்பான், அப்பா பட்டன்களை அளவு வாரியாகத் தடவிப் பிரித்து டப்பாவில் போடுவார்.

நானும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளட்டுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். எனக்கு 36 வயது. அறிகுறி எதுவும் இல்லாதபோது எடுக்க வேண்டாம், அப்பாவுக்கு வந்த இந்த வகை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்றார். அமிலாய்ட் படிவது அறிகுறிக்கு 15, 20 வருடம் முன்பே தொடங்கிவிடும் என்பது உண்மைதான், அது படத்திலும் தெரியும். ஆனால் படிந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை, தெரிந்தாலும் இன்று அதற்காகக் கொடுக்க எதுவும் இல்லை. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால், காது கேட்கும் திறன், தலைக்கவசம், இவற்றைக் கவனிக்கச் சொன்னார். 2024-ல் வந்த, லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. இந்த நான்கும் தலையில் அடிபடுவதும் அதில் இருக்கின்றன. ஹெல்மெட் போடாமல் நான் இப்போது தெருமுனைக்குக்கூட வண்டி எடுப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போகிறோம். எல்லா ஃபிலிமும் தட்டும் தேதி வாரியாக ஒரே பையில் இருக்கிறது. போன முறை டாக்டரம்மா ஊரில் இல்லை, புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர் பார்த்தார். 2018 ஷீட்டை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு, நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்துத் திகைத்துப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பா சொன்னார்.

"அது பதினைந்தரை காலர் சார். உங்களுக்குப் பதினைந்து இருக்கும்."